பூக்காரம்மாவின் ஸ்டூலும் நான் சாகடித்த மனிதரும்

போன மாதம் பினாங்கில் ஒரு சிறுகதைப் பட்டறை. பிள்ளைகளை லிட்டில் இந்தியாவுக்குள் அனுப்பி, "ஒரு மணி நேரம், ஒரே ஒரு ஆள், பார்த்து எழுதிக்கொண்டு வாங்க" என்று சொன்னோம். பதினான்கு பேர் எழுதி வந்தார்கள். அதில் ஒன்பது பேர் ஆளுக்கொரு தனிமையில் வாடும் முதியவரைக் கொண்டுவந்திருந்தார்கள். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பாட்டுக்கடை ஸ்பீக்கர் அலறும் மார்க்கெட் ஸ்திரீட்டில், அவ்வளவு தனிமை எங்கே கிடைத்தது? முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல், ஏனென்றால் அந்த வயதில் நானும் அதையேதான் செய்தேன்.

முறைத்துப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். அதை விட்டுவிடுகிறேன். கதைக்காக ஆள் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் மற்ற தவறுகள் இவை.

திருவிழாவில் ஆள் பார்க்கப் போவது

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலை, பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும்போது, நோட்டும் கையுமாக நிற்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். அந்த நேரத்தில் ரதம்தான் கண்ணுக்குத் தெரியும், ஆள் தெரியாது. ரதம் போன பிறகு அங்கேயே நில்லுங்கள். ரோட்டில் உடைந்த தேங்காய் குவிந்து கிடக்கும். அதை அள்ள வருகிறவர் நல்ல மூடியாக ஒன்றிரண்டைப் பார்த்து ஓரமாக எடுத்து வைக்கிறாரா என்று கவனியுங்கள்.

கதையை முடித்துவிட்டு ஆளைப் பார்ப்பது

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில், 1833இல் கட்டியது, அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பூக்கடை. அந்தம்மா மல்லிகை கட்டிக்கொண்டே இருப்பார், நூலைப் பல்லால் அறுப்பார், இடது கட்டைவிரலில் எப்போதும் ஒரு பிளாஸ்டர். கடைக்கு முன்னால் ரோட்டோரத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். யாரும் அதில் உட்காருவதில்லை, உட்காரப் போனாலும் அந்தம்மா அதட்டுவார். எதிரில் ஒரு தே தாரிக்கை (இழுத்து ஆற்றிய பால் டீ) ஆறவிட்டபடி இருபது நிமிடம் பார்த்தேன். எல்லாம் புரிந்துவிட்டது: அது இறந்துபோன கணவரின் ஸ்டூல். அன்றிரவே எழுதி 'காலி இருக்கை' என்று தலைப்பு வைத்து அனுப்பினேன். ஞாயிறு பதிப்பில் வந்தது. அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் படவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பூ வாங்கப் போனேன், மாலை நாலு மணி இருக்கும். ஒரு பழைய வேன் வந்தது. அந்தம்மா எழுந்து ஸ்டூலைத் தூக்கினார், வேன் அந்த இடத்தில் கச்சிதமாக நுழைந்தது, உள்ளேயிருந்து இறங்கியவர் நான் கதையில் மாரடைப்பு வரவைத்துச் சாகடித்த மனிதர். ஸ்டூல் பார்க்கிங் பிடிப்பதற்கு! பினாங்கில் பிறந்து வளர்ந்தவனுக்கு ரோட்டில் ஸ்டூல் இருந்தால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? தெரியும். கதை வேண்டும் என்ற அவசரத்தில் தெரிந்ததும் மறந்துபோனது.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று வேறு நினைத்திருந்தேன். கோயில், நூல், பிளாஸ்டர் எல்லாம் அப்படியே இருந்தன. பக்கத்துக் கடைக்காரர் பேப்பரைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். அந்தம்மா சத்தம் போடவில்லை. "நல்லா இருக்குற மனுசன ஏன் தம்பி சாகடிச்ச? என் பொட்ட வேற அழிச்சிட்டியே" என்றார், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு முழம் போடும்போது இரண்டு விரல் தள்ளித்தான் நூலை அறுப்பார். அதற்குப் பிறகு எனக்கு மட்டும் முழம் என்றால் முழம்தான்.

இப்போதெல்லாம் நோட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். இடப்பக்கம் கண்ணில் பட்டது, வலப்பக்கம் நானாக நினைத்தது. 'சோகமான கண்கள்' இடப்பக்கம் வரவே கூடாது. அதே இடத்துக்கு வேறு வேறு நேரத்தில் மூன்று தடவையாவது போகிறேன். அன்றைக்கும் நாலு மணிவரை உட்கார்ந்திருந்தால், புருஷனின் வேனுக்காக நாள் முழுக்க ரோட்டோடு சண்டை போடும் ஒரு மனைவி கிடைத்திருப்பார். நான் எழுதியதைவிட அது எவ்வளவு நல்ல கதை!

கைப்பேசியில் படம் பிடித்து வைப்பது

வேண்டாம்.

எல்லாரையும் ஒரே தமிழில் பேசவைப்பது

பட்டறையில் ஒரு பையன் சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை வரிசையைப் பற்றி எழுதியிருந்தான். கறிச் சட்டிகள், ஆவி, வியர்வை, எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் வரிசையில் நின்றவர் வாயைத் திறந்ததும், "ஐயா, குழம்பைச் சற்றுத் தாராளமாக ஊற்றிப் பொட்டலமாகக் கட்டித் தாருங்கள்" என்கிறார்.

"அங்கே நிஜமா என்ன சொன்னாங்க?"

"'அண்ணே, ஆயாம் ஒண்ணு, பெண்டி ரெண்டு, பஞ்சீர், தாப்பாவ்'னு சொன்னாங்க சார்." (ஆயாம் கோழி, பெண்டி வெண்டைக்காய், பஞ்சீர் என்றால் குழம்பு நிறைய, தாப்பாவ் என்றால் பொட்டலம்.)

"அப்புறம் ஏன் இப்படி எழுதின?"

"கதைன்னா..." என்று இழுத்தான்.