ஸ்மார்ட் போர்டில் பாடம் நடத்தத் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த முதல் வாரம். பத்தாம் வகுப்புக்கு இதயம் பற்றிய பாடம். யூடியூபில் நல்ல காணொளி ஒன்று கிடைத்தது, பதினெட்டு நிமிடம். போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொண்டேன். பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் பார்த்தார்கள். மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: நுரையீரலிலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்தின் எந்த அறைக்கு வரும்? நாற்பது பேரில் இரண்டு கைதான் உயர்ந்தது.

பாடத்தைக் காணொளியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதுதான், புதிதாக இந்தக் கருவியைத் தொடும் பலரும் செய்யும் முதல் தவறு. இப்போது அதே காணொளியில் மூன்று நிமிடம்தான் போடுகிறேன். வால்வு திறந்து மூடும் இடம் மட்டும். சாக்பீஸால் எத்தனை முறை வரைந்தாலும் அந்த அசைவைக் காட்ட முடியாது, அதற்குத்தான் திரை வேண்டும். நாற்பது நொடி ஓடியதும் நிறுத்திவிட்டு, "அடுத்து எங்கே போகும்? நோட்டில் அம்புக்குறி போடுங்க" என்பேன். எல்லாரும் போட்ட பிறகே மீதி ஓடும். தப்பாகப் போட்ட பிள்ளை திரையைப் பார்த்துத் தானே அழித்துத் திருத்தும். வலது எது, இடது எது என்பதை மட்டும் கரும்பலகையில் பெரிதாக வரைந்து, பாடம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருப்பேன். திரையில் வந்தது போய்விடும், பலகையில் இருப்பது இருக்கும். கரும்பலகையைக் கைவிடுவதும் தவறுதான்.

அடுத்தது, திரையில் எழுதும் பேனாவை நாமே பிடித்துக்கொண்டிருப்பது. திரையிலேயே அறிவியல் சோதனைகளைச் செய்துபார்க்க உதவும், கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தைப் பயன்படுத்தியிருப்பீர்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது, இலவசம். அதில் பேட்டரி, கம்பி, பல்பை இழுத்து வைத்து மின்சுற்று அமைக்கலாம். நான் செய்துகாட்டினால் தலையாட்டுவார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டேன். பல்பையே விட்டுவிட்டு பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரே கம்பியால் இணைத்தான். திரையில் பேட்டரி தீப்பிடித்தது. வகுப்பே எழுந்து நின்றது. "ஏன் டீச்சர்?" என்று அவன் கேட்டான் பாருங்கள், குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) என்ற சொல்லை அங்கே வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். நிஜ பேட்டரியில் அவனை இதைச் செய்ய விட முடியுமா?

ஆனால் திரை காட்டுவதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. அந்த மாதிரியில் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாகக் கம்பிக்குள் ஓடும். பார்க்கும் பிள்ளை, சுவிட்சிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான் அந்த நொடியே பல்புக்குப் போய்ச் சேர்கிறது என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் சாதாரண வீட்டுக் கம்பியில் எலக்ட்ரான்கள் நகர்வது நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கம்பி முழுக்க ஏற்கெனவே எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன, எல்லாம் சேர்ந்தே நகரத் தொடங்குவதால்தான் பல்பு உடனே எரிகிறது. படம் எதைப் பெரிதாக்குகிறது, எதை மறைக்கிறது என்று நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தமிழில் தேடும்போது இன்னொன்று. நம் தமிழ்நாட்டுப் பாடநூலில் வேகம், திசைவேகம், முடுக்கம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் நாம் வேகம் என்பது கதி, நாம் திசைவேகம் என்பது அங்கே வேகம், முடுக்கம் ஆர்முடுகல். இலங்கை ஆசிரியர்களின் காணொளிகள் அருமையானவை, நானே பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பில் போட்டால் பிள்ளை தேர்வில் திசைவேகத்துக்குப் பதில் வேகம் என்று எழுதி மதிப்பெண் இழக்கும். சாட்ஜிபிடி போன்றவற்றில் வினாத்தாள் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அது இந்தச் சொற்களைக் கலந்து தரும், சில நேரம் விடையையே தப்பாகத் தரும். ஒவ்வொரு வினாவையும் பாடநூலோடு ஒப்பிடாமல் அச்செடுக்காதீர்கள்.

ஒத்திகை பார்க்காமல் வகுப்புக்குள் போவது பெரிய தவறு. பாடம் நடுவே விளம்பரம் வரும், இணையம் போகும். செல்போனைத் திரையோடு இணைத்திருந்தால், நமக்கு வந்த சொந்த வாட்ஸ்ஆப் செய்தியை வகுப்பே படிக்கும். போனை முதலில் ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்தாலும் செய்தி வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். அறிவிப்புகளையே அணைத்துவிடுங்கள். 2018 முதல் வந்த நம் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. அது காட்டும் காணொளிகளை, அரசின் கல்விச் செயலியான திக்‌ஷா செயலியில் முந்தின நாளே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். ஃபெட் மாதிரிகளும் பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமல் ஓடும்.

எழுத்துருவையும் பாருங்கள். வீட்டில் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த கோப்பை பென் டிரைவில் கொண்டுவந்தால், பள்ளிக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் திரை முழுக்க குப்பையாகத் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை. அப்புறம், பாடத்துக்கு முன் ஒரு முறை கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். ஜன்னல் வெளிச்சம் எங்கே விழுகிறது, எழுத்து தெரிகிறதா என்று அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

வினாடி வினா செயலிகளில் பிள்ளைகளின் முழுப் பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது, அவர்கள் தரவைப் பயன்படுத்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வரிசை எண் போட்டாலே விளையாட்டு நடக்கும். வகுப்புப் படங்களை ஸ்டேட்டஸில் வைப்பதற்கு முன்னும் இதை யோசியுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கடைசித் தவறு. கெட்டுப்போய்விடுமோ, பிள்ளைகள் முன் தெரியாமல் விழிக்க வேண்டுமோ என்ற பயத்தில் துணி போர்த்திப் பூட்டி வைப்பது. எங்கள் பள்ளியிலும் இடையில் சில மாதம் அப்படித்தான் கிடந்தது. ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் எங்கள் தமிழய்யாதான் அதை மாற்றினார். ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம், "எனக்கு இது தெரியாதும்மா, எப்படின்னு காட்டு" என்று வகுப்பிலேயே கேட்டார். அவள் காட்டினாள், அவர் நோட்டில் படிப்படியாகக் குறித்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை நகலெடுத்து போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். சாவி இப்போது ஆசிரியர் அறை ஆணியில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.