ஜாவா 17இல் ஜாவாவின் உள்பயன்பாட்டு கிளாஸ்கள்: இன்டெலிஜே அமைப்பு

சாங்கி பிசினஸ் பார்க்கில் நாங்கள் பராமரிக்கும் பழைய சான்றிதழ் நிரல் 'சன்.செக்யூரிட்டி.எக்ஸ்509' பேக்கேஜை நேரடியாக இம்போர்ட் செய்கிறது. ஜாவா 8இல் தடையில்லாமல் ஓடியது, 17க்கு மாற்றியதும் கம்பைலே ஆகவில்லை. அந்தப் பேக்கேஜ் இருக்கும் 'ஜாவா.பேஸ்' மாட்யூல் (பேக்கேஜ்களின் தொகுப்பு) அதை வெளியே விடுவதில்லை.

நிரல் எழுதும் மென்பொருளான இன்டெலிஜேயின் செட்டிங்ஸில் 'ஜாவா கம்பைலர்' பக்கத்தைத் திறந்து, நம் புராஜெக்ட் மாட்யூலுக்கான கூடுதல் அளவுருவாக 'ஆட்-எக்ஸ்போர்ட்ஸ்' சேருங்கள். அதன் முன்னால் இரண்டு சிறுகோடு, அதன் பிறகு 'ஜாவா.பேஸ்' என்ற மாட்யூல் பெயர், சாய்கோடு, பேக்கேஜ் பெயர், சமக்குறி, கடைசியில் 'ஆல்-அன்நேம்ட்' (மாட்யூல் பெயர் இல்லாத எல்லா நிரலுக்கும் என்று பொருள்). இந்தக் கடைசிச் சொல் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சமக்குறியைச் சுற்றி இடைவெளி கூடாது.

பலர் மாட்டிக்கொள்வது அடுத்ததில்தான். அதே பக்கத்தில் 'ரிலீஸ்' தேர்வுப்பெட்டி டிக் ஆகியிருந்தால், சிஸ்டம் மாட்யூலிலிருந்து எக்ஸ்போர்ட் செய்ய முடியாது என்று கம்பைலர் மறுத்துவிடும். ரிலீஸ் என்பது வெளிப்படையான ஏபிஐயை மட்டுமே பார்க்கும், இரண்டும் சேராது. டிக்கை எடுத்துவிடுங்கள். புராஜெக்டைக் கட்டும் கருவியான மேவனின் கோப்பிலும் ரிலீஸுக்குப் பதில் சோர்ஸ், டார்கெட் எழுதுங்கள். அளவுருவையும் அங்கேயே வையுங்கள். இல்லாவிட்டால் மேவன் புராஜெக்டை அடுத்த முறை ரீலோட் செய்யும்போது இந்த அமைப்பெல்லாம் அழிந்துபோகும்.

கம்பைல் ஆனாலும் ஓடும்போது 'இல்லீகல் ஆக்சஸ் எரர்' வரும். ரன் அமைப்பின் விஎம் ஆப்ஷன்ஸிலும் (நிரலை ஓட்டும் ஜாவாவுக்குத் தரும் அளவுருக்கள்) அதே 'ஆட்-எக்ஸ்போர்ட்ஸ்' வரி வேண்டும். ரிஃப்ளெக்‌ஷனில் (ஓடும்போதே கிளாஸின் உள்ளே பார்க்கும் வழி) பிரைவேட் உறுப்புகளைத் தொட்டால் 'ஆட்-ஓபன்ஸ்'தான் உதவும்.