போசிக்ஸையும் க்னூவையும் ஒண்டாக் கலந்தா வாற பிழைகள்

போன கிழமை வெள்ளவத்தையில எங்கட ரூமுக்கு ஒரு தம்பி லப்டொப்போட வந்தவன், உபுண்டுவில சி கோட் வோர்னிங் ஒண்டும் இல்லாம கொம்பைலாகுது, ஆனா ஃபைல் திறபடாட்டி காரணத்தச் சொல்லாம எப்பவும் "தெரியாத பிழை" எண்டே அடிக்குது. பாத்தா ஃபைலின்ர உச்சியில க்னூ சோர்ஸ் மெக்ரோ (_GNU_SOURCE, க்னூவின்ர மேலதிக ஃபங்ஷன்களையும் தா எண்டு சி லைப்ரரிக்குச் சொல்ற வரி). ஏன்டா போட்டனி எண்டு கேட்டன், ஏ-எஸ்-பிரிண்ட்-எஃப் (asprintf) ஃபங்ஷன் வேணும் அண்ணா, அதான் எண்டான்.

விஷயம் இதுதான், பிழை நம்பருக்குரிய செய்தியத் தாற ஸ்ட்ரெரர்-ஆர் (strerror_r) ஃபங்ஷனுக்கு ரெண்டு வடிவம் இருக்கு. போசிக்ஸ் (யுனிக்ஸ் மாதிரி சிஸ்டங்களுக்கான பொதுத் தரம்) வடிவம் இன்ட் திருப்பும், சரிவந்தா 0, செய்தி எங்கட பஃபருக்குள்ள இருக்கும். க்னூ வடிவம் செய்திக்கான பொயின்டரத் திருப்பும், பஃபரத் தொடாமலும் விடும். க்னூ சோர்ஸ் போட்டா ஜிலிப்சி (glibc, உபுண்டுவில இருக்கிற க்னூ சி லைப்ரரி) சத்தமில்லாம ரெண்டாவதக் குடுத்திடும். தம்பி 0வா எண்டு செக் பண்றான், இல்லாட்டி "தெரியாத பிழை" எண்டு அடிக்கிறான், அந்த பொயின்டர் 0 ஆகவே ஆகாது, பொயின்டர 0ஓட ஒப்பிடுறது சியில செல்லுபடியான கோட், பிறகு கொம்பைலர் ஏன் வாய் திறக்கப்போகுது?

அதால எல்லா மெக்ரோவையும் அள்ளிக் கொட்டாதேங்கோ. போசிக்ஸ் 2008 போதுமெண்டா போசிக்ஸ் சி சோர்ஸ் (_POSIX_C_SOURCE) 200809எல், எக்ஸ்எஸ்ஐ (போசிக்ஸின்ர யுனிக்ஸ் விரிவாக்கம்) பகுதியும் வேணுமெண்டா எக்ஸ்-ஓப்பன் சோர்ஸ் 700, அதுக்குள்ள மற்றதும் வந்திடும். எதைப் போட்டாலும் முதலாவது இன்குளூடுக்கு மேல போடோணும், கீழ போட்டா போடாத மாதிரித்தான்.

சி99 எண்டு கண்டிப்பான மோட்ல கொம்பைல் பண்ணிப்போட்டு மெக்ரோ போடாம விடுறதும் கனபேர் செய்யிற பிழை. ஸ்ட்ர்-டூப்புக்கு (strdup, ஸ்ட்ரிங்க கொப்பி பண்ற ஃபங்ஷன்) டெக்ளரேஷன் ஒளிஞ்சிடும், பழைய ஜிசிசி கொம்பைலர் வோர்னிங் மட்டும் தந்து அது இன்ட் திருப்புது எண்டு நினைக்கும், 64 பிட் பொயின்டர் பாதியா வெட்டுப்பட்டு புரோகிராம் விழும். 2024ல வந்த ஜிசிசி 14 இத எரராவே நிப்பாட்டுது, நல்ல வேலை.

பிஎஸ்டி சோர்ஸ், எஸ்விஐடி சோர்ஸ் எண்ட மெக்ரோக்கள் எல்லாம் பழசு, ஜிலிப்சி 2.20ல இருந்து அதுகளுக்குப் பதிலா டிஃபோல்ட் சோர்ஸ்தான். மெக்ரோ போட்டா கூடத்தான் கிடைக்கும் எண்டும் நம்பவேண்டாம், மெக்கிலயும் ஃப்ரீபிஎஸ்டியிலயும் போசிக்ஸ் சி சோர்ஸ் போட்டா அவையின்ர சொந்த ஃபங்ஷன்கள் மறைஞ்சிடும்.

தம்பி ஏ-எஸ்-பிரிண்ட்-எஃப் வாற துண்ட வேற ஃபைலுக்கு மாத்தி அங்க மட்டும் க்னூ சோர்ஸ் போட்டான், மற்றதுக்கு 200809எல். இப்ப "நோ சச் ஃபைல் ஓர் டிரெக்டரி" எண்டு ஒழுங்கா வருது.