இருபது பதிவுக்காக நாற்பது லட்சம் பதிவுகளைப் புரட்டும் குவெரிகள்

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில், மெதுவாக ஓடிய குவெரிகளை (டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்விகளை) குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாக் என்ற பதிவேடு உண்டு. அதில் ஒவ்வொரு குவெரிக்கும் மேலே கவனிக்க வேண்டிய இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, எத்தனை பதிவுகளை அனுப்பியது என்பது. இன்னொன்று, அவற்றை அனுப்ப எத்தனை பதிவுகளைப் படித்துப் பார்த்தது என்பது. 20 பதிவை அனுப்ப 40 லட்சம் பதிவைப் படித்திருந்தால் கோளாறு சர்வரில் இல்லை, எந்தப் பதிவுகள் வேண்டும் என்று நாம் எழுதிய நிபந்தனையில், அதாவது ஃபில்டரில்தான் இருக்கிறது. ரேம் கூட்டுவதற்கு முன்பு அந்த இரண்டு எண்களையும் பாருங்கள்.

அந்த லாக் இயல்பாக அணைந்தே இருக்கும். இயக்கினாலும் 10 விநாடிக்கு மேல் ஓடுகிற குவெரியை மட்டும்தான் பிடிக்கும். 3 விநாடி எடுத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஆயிரம் முறை ஓடுகிற குவெரி அதில் சிக்கவே சிக்காது. வரம்பை 1 விநாடிக்குக் குறைத்துவிட்டு மேலே படியுங்கள்.

இண்டெக்ஸ், அதாவது பதிவுகளைச் சட்டென்று தேட டேட்டாபேஸ் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் பட்டியல், ஏன் வேகம் தருகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். அடுக்கடுக்காகக் கிளை பிரியும் பி-ட்ரீ இண்டெக்ஸின் ஒரு பக்கத்தில் 300 சாவிகள் (தேடுவதற்கான மதிப்புகள்) அடங்குவதாக வைத்துக்கொள்வோம். மூன்று அடுக்கு இறங்கினால் 300 × 300 × 300, அதாவது 2 கோடியே 70 லட்சம் பதிவுகள் கைக்கு எட்டிவிடும். 40 லட்சம் பில் உள்ள டேபிளில் ஒரு பில்லைத் தேட மூன்று பக்கம் புரட்டினால் போதும். ஆனால் அந்த அடுக்கு ஃபீல்டில் (டேபிளின் ஒரு நெடுவரிசையில்) உள்ள மதிப்பின் வரிசைப்படி கட்டப்பட்டது. நாம் கேட்கிற கேள்வி அந்த வரிசையோடு பொருந்தாவிட்டால், டேட்டாபேஸ் ஊர் முழுக்க வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

தேதி ஃபில்டர்

நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். நானே செய்ததும் இதுதான். ஒரு மொத்த வியாபாரியின் பில்லிங் மென்பொருளில் 2024-25 நிதியாண்டு விற்பனை அறிக்கை வர நெடுநேரம் ஆனது. குவெரியைத் திறந்து பார்த்தால், டேட்(பில்_நேரம்) என்று ஃபீல்டைச் சுற்றி, நேரத்தை வெட்டித் தேதியை மட்டும் எடுக்கும் ஒரு ஃபங்ஷன் இருந்தது. '2024-04-01' முதல் '2025-03-31' வரை என்று பிட்வீன் போட்டிருந்தார்கள். பில்_நேரத்தின் மேல் இண்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. இண்டெக்ஸில் இருப்பது பில்_நேரத்தின் வரிசை. கேட்பதோ அந்த ஃபங்ஷனின் விடை. ஒவ்வொரு பில்லுக்கும் அந்த ஃபங்ஷனை ஓட்டிப் பார்த்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

நான் ஃபங்ஷனை மட்டும் எடுத்துவிட்டேன். அறிக்கை உடனே வந்தது. இரண்டு நாள் கழித்து அவர்களுடைய கணக்காளர் கூப்பிட்டு, "தம்பி, மார்ச் 31 பில் ஒன்றுகூட இல்லையே" என்றார். நேரத்தோடு சேர்ந்த ஃபீல்டில் '2025-03-31' என்று எழுதினால், அன்று நள்ளிரவு 00:00 என்றுதான் டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு போட்ட பில் எல்லாம் வெளியே போய்விடும். ஆண்டுக்கணக்கு முடிக்கிற நாளின் விற்பனை முழுவதும் விடுபட்டிருந்தது. அன்றிலிருந்து தேதி ஃபில்டரை ஒரே மாதிரிதான் எழுதுகிறேன்: பில்_நேரம் >= '2024-04-01', அதோடு பில்_நேரம் < '2025-04-01'. தொடக்க நாள் சேரும், முடிவுக்கு அடுத்த நாள் சேராது. வேகமும் கிடைக்கும், ஒரு பில்லும் தப்பாது.

போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் டைம்சோனோடு நேரத்தைச் சேமிப்பவர்களுக்கு இன்னொரு குழி உண்டு. சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால், நம்முடைய காலை 5.30 வரை அதற்கு முந்தைய நாள்தான். இதைச் சரிசெய்ய ஃபீல்டின் மேல் டைம்சோன் மாற்றத்தைப் போடுகிறார்கள். பழைய சிக்கலே திரும்பி வருகிறது. மாற்றத்தை ஒப்பிடும் மதிப்பில் வையுங்கள்: '2024-04-01 00:00+05:30'. ஃபீல்டைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

ஃபங்ஷன் இல்லாமல் முடியாது என்கிற இடமும் உண்டு. மின்னஞ்சலைச் சின்ன எழுத்தாக மாற்றித் தேடுவது அப்படி. அங்கே அந்த ஃபங்ஷனின் விடைக்கே இண்டெக்ஸ் போட்டுவிடலாம். போஸ்ட்கிரஸில் நெடுநாளாக இந்த வசதி இருக்கிறது, மைஎஸ்க்யூஎல்லில் 8.0.13 பதிப்பிலிருந்து இருக்கிறது.

பெயரும் இனிஷியலும்

நம் ஊரில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும். சிலர் பின்னால் போடுவார்கள், சிலர் புள்ளி வைப்பார்கள், சிலர் வைக்க மாட்டார்கள். எல்லாம் ஒரே ஃபீல்டில் விழுந்தால் 'செந்தில்' என்று தேட இரண்டு பக்கமும் சதவீதக்குறி ('இங்கே எது வேண்டுமானாலும் இருக்கலாம்' என்று பொருள்) போட்டு லைக் எழுதுவதைத் தவிர வழியில்லை. முன்னால் சதவீதக்குறி வந்தால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. அகர வரிசைப் பட்டியலில் 'செந்தில்' என்று தொடங்குகிற பெயர்கள் அடுத்தடுத்து இருக்கும். 'குமார்' என்று முடிகிற பெயர்களோ பட்டியல் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

இதற்கு நல்ல தீர்வு டேபிளை வடிவமைக்கும்போதே இருக்கிறது. இனிஷியலுக்குத் தனி ஃபீல்டு கொடுங்கள். அப்புறம் பெயரின் தொடக்கத்தை வைத்து மட்டும் தேடலாம். போஸ்ட்கிரஸில் கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) 'சி' என்று இல்லாவிட்டால், தொடக்க எழுத்துத் தேடலுக்கும் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ் என்ற வகையைக் குறிப்பிட்டு இண்டெக்ஸ் போட வேண்டும். நடுவில் உள்ள எழுத்தை வைத்துத் தேடியே ஆக வேண்டும் என்றால், சொல்லை மூன்று மூன்று எழுத்தாக நறுக்கி வைக்கும் பிஜி ட்ரைகிராம் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது.

ஃபோன் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது டெக்ஸ்டாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும், குவெரியில் மேற்கோள்குறி இல்லாமல் எண்ணாக எழுதிவிடுவோம். மைஎஸ்க்யூஎல் புகார் சொல்லாது. ஒவ்வொரு பதிவையும் எண்ணாக மாற்றி ஒப்பிடும், இண்டெக்ஸைத் தொடாது. போஸ்ட்கிரஸ் பிழை காட்டி நிறுத்திவிடும், அது நல்லதுதான்.

இண்டெக்ஸில் எது முதலில்?

வாக்காளர் பட்டியலை நினைத்துப் பாருங்கள். பாகம், அதற்குள் தெரு, அதற்குள் வீடு என்று அடுக்கியிருப்பார்கள். பாகம் எண் தெரிந்தால் தெருவைப் பிடித்துவிடலாம். தெருப் பெயர் மட்டும் தெரிந்தால் தொகுதி முழுக்கப் புரட்ட வேண்டும். இரண்டு மூன்று ஃபீல்டுகளைச் சேர்த்துப் போடும் இண்டெக்ஸும் இப்படித்தான். மதுரைக் கிளையின் போன மாத பில்கள் வேண்டும் என்றால், கிளை முதலிலும் நேரம் அடுத்தும் இருக்கட்டும். மாற்றிப் போட்டால் அந்த மாதத்து எல்லாக் கிளைகளின் சாவிகளையும் கடந்துதான் மதுரையைப் பொறுக்க வேண்டியிருக்கும். சமம் என்று கேட்கிற ஃபீல்டு முன்னால், இதிலிருந்து இதுவரை என்று கேட்கிற ஃபீல்டு பின்னால்.

இதைப் படித்துவிட்டு எல்லா ஃபீல்டுக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு புது பில்லும் ஒவ்வொரு இண்டெக்ஸிலும் எழுதப்பட வேண்டும், பில் போடும் கவுண்டர் மெதுவாகிவிடும். பாதி டேபிளைத் திருப்பிக் கேட்கிற குவெரிக்கு முழு டேபிளையும் வரிசையாகப் படிப்பதே சரியான வழி. குவெரியை எப்படி ஓட்டப்போகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் கட்டளையில் அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பாக்கி உள்ள பில்களை மட்டும்தான் அடிக்கடி தேடுகிறீர்கள் என்றால், போஸ்ட்கிரஸில் அந்தப் பகுதிக்கு மட்டும் இண்டெக்ஸ் போடும் வசதி உண்டு.

பக்கம் பக்கமாகக் காட்டும்போது

ஆஃப்செட் (தாண்ட வேண்டியவை) 1,00,000, லிமிட் (காட்ட வேண்டியவை) 20 என்றால் டேட்டாபேஸ் 1,00,020 பதிவுகளைக் கடந்துவிட்டு முதல் லட்சத்தைத் தூக்கிப் போடும். முதல் பக்கம் பறக்கும், ஐயாயிரமாவது பக்கம் நொண்டும். கடைசியாகக் காட்டிய பில்லின் நேரத்தையும் பில் எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு 'இதற்கு அடுத்த 20' என்று கேளுங்கள். பில் எண்ணைச் சேர்ப்பது ஏனென்றால் ஒரே நேரத்தில் இரண்டு பில் விழலாம். நேராக 37ஆம் பக்கத்துக்குத் தாவ இதில் முடியாது. பயன்படுத்துபவருக்கு அது உண்மையிலேயே தேவையா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

நமக்காகக் குவெரியைத் தானே எழுதிக்கொள்ளும் ஓஆர்எம் வைத்து எழுதுகிறவர்கள் லூப்புக்குள் ஒளிந்திருக்கும் குவெரியைக் கவனிக்க வேண்டும். 100 பில்லை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தொட்டால் 101 குவெரி ஓடும். பைத்தான் மொழியின் ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் சேர்த்தால் ஒன்றிலேயே முடிந்துவிடும்.

'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்று கேட்க நாட் இன் எழுதும்போது உள்ளே இருக்கும் பட்டியலில் ஒரே ஒரு நல் (மதிப்பே இல்லாத வெற்றிடம்) இருந்தாலும் விடை காலியாகத்தான் வரும். நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள்.

அளந்து பார்க்கும்போது

எக்ஸ்பிளெயின் அனலைஸ் ஓட்டினால் டேட்டாபேஸ் எதிர்பார்த்த பதிவுகளும் உண்மையில் வந்த பதிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். 50 எதிர்பார்த்து 5 லட்சம் வந்திருந்தால், அதன் புள்ளிவிவரம் பழையதாகிவிட்டது என்று முதலில் சந்தேகப்படுங்கள். நிறைய டேட்டாவை ஒரேயடியாக ஏற்றியதும் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டிவிடுங்கள்.

எக்ஸ்பிளெயின் அனலைஸ் குவெரியை உண்மையிலேயே ஓட்டும். போஸ்ட்கிரஸில் டெலீட்டுக்கு முன்னால் அதைப் போட்டால் பதிவுகள் அழிந்துபோகும். பிகின் போட்டுத் தொடங்கி, பார்த்து முடித்ததும் ரோல்பேக் செய்து மாற்றத்தைத் திரும்பப் பெறுங்கள். அப்புறம், போஸ்ட்கிரஸில் பயன்பாட்டில் இருக்கும் டேபிளில் சாதாரணமாக இண்டெக்ஸ் போட்டால் அது முடியும்வரை யாரும் புது பில் எழுத முடியாது. கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனால் கடை நிற்காது. அது பாதியில் தோற்றுவிட்டால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று பெயரளவில் அங்கேயே கிடக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடியும் போடுங்கள்.