எம்பிராய்டரியில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறதா? திருகியைத் தொடாதீர்கள், முதலில் நுனியைப் பாருங்கள்

அரக்கு நிறப் பட்டு ரவிக்கை. கையில் ஒரு மயில், தோகைக்கு ஜரிகை நூல். இருபது தையல் ஓடுவதற்குள் நூல் அறுந்தது. கோத்தேன், மறுபடி அறுந்தது. இரண்டு நாள், நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன். கோளாறு அங்கே இல்லை என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அன்று கண்டுபிடித்ததையும், பிறகு வேறு துணிகளில் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். வீட்டில் வைத்திருக்கும் ஒற்றை ஊசி எம்பிராய்டரி மெஷினுக்கான முறை இது.

1. அறுந்த நுனியை வெளிச்சத்தில் பிடியுங்கள்

நுனி பஞ்சு போலப் பிரிந்து, ஜரிகையின் தகடு உரிந்து நின்றால் நூல் எங்கோ உராய்கிறது. ஊசிக் காது சிறியதாக இருக்கலாம், ஊசியில் பசை ஒட்டியிருக்கலாம், நூல் போகும் வழியில் உலோகத்தில் ஒரு பிசிறு இருக்கலாம். நுனி கத்தரித்தாற்போல இருந்தால் நூல் எங்கோ சிக்கி வெடுக்கென்று இழுபட்டிருக்கும், அல்லது கூரான விளிம்பு வெட்டியிருக்கும். எந்தப் பக்கம் தேடுவது என்பதை இந்த ஒரு பார்வையே பெரும்பாலும் சொல்லிவிடும்.

2. ஃபுட்டைத் தூக்கிவிட்டு, நூலை முழுவதும் மறுபடி கோத்துவிடுங்கள்

என்னை இரண்டு நாள் அலைக்கழித்த இடம் இதுதான். மெஷினுக்குள் நூலைப் பிடித்து இறுக்கம் கொடுப்பவை இரண்டு சிறு தட்டுகள். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் மேலே இருக்கும்போது அவை விலகியிருக்கும், கீழே இறக்கினால் சேர்ந்துகொள்ளும். ஃபுட்டை இறக்கிவைத்துக்கொண்டு கோத்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே போகாமல் மேலேயே தங்கிவிடும். அதன்பின் திருகியை எவ்வளவு திருப்பினாலும் நூலுக்கு அது எட்டாது. துணிக்கு அடியில் நூல் கூடுகட்டும், கூடு சிக்கியதும் மேல்நூல் அறுந்துவிடும்.

சோதிப்பது எளிது. ஃபுட் மேலே இருக்கும்போது நூலை இழுங்கள், தாராளமாக வர வேண்டும். ஃபுட்டை இறக்கிவிட்டு மெல்ல இழுங்கள், கையில் நல்ல இறுக்கம் தெரிய வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி தாராளமாக வந்தால் நூல் தட்டுக்குள் இல்லை. கண்டிலிருந்து ஊசி வரை முழுவதும் எடுத்துவிட்டுத் திரும்பக் கோத்துவிடுங்கள். ஊசியில் மட்டும் கோத்தால் போதாது. ஒவ்வொரு முறை நிறம் மாற்றும்போதும் இந்தச் சோதனையை இன்றும் செய்கிறேன்.

3. ஊசி

சாதாரண 40 எண் (நூலின் தடிமனைக் குறிக்கும் எண்) எம்பிராய்டரி நூலுக்கு 75/11 எம்பிராய்டரி ஊசி சரி. ஜரிகைக்கு அது ஆகாது, 90/14 போடுங்கள். இந்த 75, 90 என்பவை ஊசித் தண்டின் தடிமன்: 0.75 மில்லிமீட்டர், 0.90 மில்லிமீட்டர். தண்டு பெரிதானால் காதும் பெரிதாகும்.

காது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு தையலுக்கும் கீழே உள்ள கொக்கி, அடிநூல் இருக்கும் பாபினைச் சுற்றிக் கொண்டுவரப் பல சென்டிமீட்டர் நூலை இழுக்கிறது. தையலில் தங்குவது சில மில்லிமீட்டர்தான், மீதியெல்லாம் மேலே திரும்புகிறது. ஆகவே நூலின் ஒரே இடம் துணியில் போய்ச் சேருமுன் ஊசிக் காதுக்குள் பலமுறை ஏறி இறங்குகிறது. உள்ளிழையைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடு அந்த உராய்வில் உரிந்துவிடும்.

ஒரு முழ நூலில் ஊசியைக் கோத்து, இரு முனைகளையும் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கினால் காது போதுமானது. இடையில் நின்றால் பெரிய ஊசிக்கு மாறுங்கள். எட்டு மணி நேரம் ஓடிய ஊசியை நல்ல வேலைக்கு நான் வைப்பதில்லை. விலை உயர்ந்த பட்டு கிழிவதைவிட ஊசி மாற்றுவது எவ்வளவோ மலிவு.

4. நூல்கண்டு நிற்கும் விதம்

ஜரிகை நூல் சுருள்வதற்கென்றே பிறந்தது. தட்டையாகச் சுற்றிய ரீலைச் செங்குத்துக் கம்பியில் மாட்டுங்கள், ரீல் சுழன்று நூல் அவிழ வேண்டும். மேற்பக்கமாக உருவினால் ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்காக நூலில் ஏறிவிடும். கூம்புக் கண்டு என்றால் தனி நூல் ஸ்டாண்டு வாங்கி மெஷினுக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். முறுக்கு தளர்வதற்கு நூலுக்குத் தூரம் வேண்டும். எம்பிராய்டரிக்காக நான் வாங்கியவற்றில் மிகவும் பயன்பட்டது இந்த ஸ்டாண்டுதான்.

வேகத்தை நிமிடத்துக்கு 400 முதல் 600 தையலுக்குள் வையுங்கள். டென்ஷனை ஒன்றிரண்டு எண் குறைக்க வேண்டியது இப்போதுதான். நூலில் எண்ணெய் தடவச் சொல்வார்கள். பட்டில் கறை விழுந்தால் போக்குவது கடினம் என்பதால் நான் தடவுவதில்லை.

5. இன்னும் அறுந்தால் பிசிறு தேடுங்கள்

காது குடையும் பஞ்சுக் குச்சியைக் கொக்கி மீதும், ஊசித்தட்டின் துளையைச் சுற்றியும் மெல்ல ஓட்டுங்கள். பஞ்சின் இழை சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கிறது. ஊசி எப்போதாவது உடைந்திருந்தால் இங்கே தழும்பு இருக்க வாய்ப்பு அதிகம். 1500 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். கொக்கியின் கூர்முனையில் மட்டும் கை வைக்காதீர்கள், அது மழுங்கினால் தையலே விழாது.

பிற்சேர்க்கை: இவை எல்லாவற்றையும் செய்தும் ஒரே இடத்தில் மட்டும் நூல் அறுந்துபோவதாக ஒரு தோழி எழுதியிருந்தார். டிசைன் கோப்பை வாங்கிப் பார்த்தேன். 10 சென்டிமீட்டர் பூவை மெஷினிலேயே 7 சென்டிமீட்டராகச் சுருக்கியிருந்தார். தையல் எண்ணிக்கை குறையவில்லை. 0.40 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓட வேண்டிய தையல்கள் 0.28 மில்லிமீட்டரில் நெருங்கி, ஊசி ஏற்கெனவே விழுந்த நூலையே குத்திக்கொண்டிருந்தது. தையலைப் புதிதாகக் கணக்கிடும் மென்பொருளில் சுருக்கித் தந்தேன், ஒருமுறைகூட அறாமல் ஓடியது. டிசைனில் ஒரே புள்ளியில் அறுந்தால் ஊசியை விட்டுவிட்டு அடர்த்தியைப் பாருங்கள்.

இன்னொருவருக்கு, துணியை அடியில் வைக்கும் பேப்பரோடு ஒட்ட அடிக்கும் ஸ்பிரே பசை ஊசியில் திரண்டிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்ததும் சரியானது. பசையை மெஷினுக்கு அருகே அடிக்காமல், வேறு அறையில் பேப்பர் மீது அடித்து எடுத்துவரும்படி சொல்லியிருக்கிறேன்.