மழைக்காலப் படர்தாமரை: கன்று வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகையில் கன்றின் கண்ணைச் சுற்றியும் காதோரமும் கழுத்திலும் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் பொருக்கு தட்டினால், பெரும்பாலும் அது படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றுதான். மாசி, பங்குனி வெயிலில் முடி முளைத்துவிடும். கடைசியாக எதைத் தடவினோமோ அதுதான் கேட்டது என்று நம்பிவிடுகிறோம். பெரிய தவறே இதுதான். மருந்தே போடாவிட்டாலும் பல கன்றுகளுக்கு 2 முதல் 4 மாதங்களில் இது தானாக ஆறிவிடும். ஆனால் உதிர்ந்த பொருக்கிலும் முடியிலும் இருக்கும் பூஞ்சை வித்துகள் கம்பத்திலும் கயிற்றிலும் தொட்டியிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒருமுறை வந்து ஆறிய மாட்டுக்குத் திரும்ப வருவது அரிது. அடுத்த மழையில் மாட்டிக்கொள்வது புதுக் கன்றுகள்தான்.

மழை ஈரம்தான் காரணம் என்று விட்டுவிடவும் கூடாது. ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் மாடுகளைக் கொட்டகையில் அடைத்து வைக்கும் பனிக்காலத்தில்தான் இது அதிகம். மேய்ச்சலுக்கு விட்டதும் குறைகிறது. நெருக்கமும் வெயில் படாததும் அந்த அளவுக்கு முக்கியம். சாரலுக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி, கன்றுகளை ஒரே மூலையில் நெருக்கிக் கட்டுவது நோயைக் கூப்பிட்டு வைப்பது போலத்தான். சந்தையில் வாங்கிய கன்றை அன்றே மற்றவற்றோடு கட்டுவதும் அப்படியே. தொற்றியபின் வெளியே தெரிய 2 முதல் 4 வாரம் ஆகலாம் என்பதால், ஒரு மாதமாவது தனியே கட்டுங்கள்.

கழிவு ஆயில் தடவவே வேண்டாம். தோலைப் புண்ணாக்கும், நக்கினால் வயிற்றுக்குள் போகும். மனிதர்களுக்கான ஸ்டீராய்டு கலந்த களிம்பு சிவப்பை அடக்கிவிட்டு பூஞ்சையைப் பரவ விடும். சொறி என்று நினைத்து ஐவர்மெக்டின் ஊசி போடுவதும் வீண். அது சொறியை உண்டாக்கும் நுண்ணிய உண்ணியைக் கொல்லும், பூஞ்சையைத் தொடாது. சொறியில் மாடு ஓயாமல் உரசும், படர்தாமரையில் அரிப்பு அவ்வளவு இருக்காது. சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வெறுங்கையால் பொருக்கைப் பிய்க்காதீர்கள், இது நமக்கும் ஒட்டும். கன்றைக் கட்டிப்பிடித்து விளையாடும் பிள்ளைகளைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள், பாவம், அவர்களுக்குத்தான் சீக்கிரம் வரும். உதிரும் பொருக்கைத் தரையில் விடாமல் கூட்டி எரித்துவிட வேண்டும்.

அப்புறம், கோடையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள். சாணத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடர் தூவிப் பயனில்லை. முதலில் சுரண்டி, கழுவி, காயவிட்டு, அதற்குப் பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சுவரிலும் கம்பத்திலும் அடியுங்கள். பழைய கழுத்துக் கயிறுகளை எரித்துவிட்டுப் புதிது மாற்றுங்கள்.