வேலைக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றுதல்: திரும்பி வரும் வழியை முதலில் சரிபாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிக்கு அதன்பின் பாதுகாப்பு அப்டேட் வராது. மின்னஞ்சல், வங்கி வேலை, வாடிக்கையாளர் கோப்புகள் என எல்லாம் ஓடும் கணினியை அப்படியே விட்டுவைப்பது ஆபத்து. அவசரமாக மாற்றப்போய் ஒரு வாரம் வேலை நின்றுபோவதும் அதே அளவு ஆபத்து. எந்தக் கட்டத்தில் தடங்கல் வந்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியும் என்று சோதித்துப் பார்த்தபிறகே அப்கிரேடைத் தொடங்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே அமைந்தது. மாற்றிச் செய்யாதீர்கள்.

கணினி உங்கள் நிறுவனத்துடையதாக இருந்து, செட்டிங்ஸில் "சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால், இங்கேயே நிறுத்திவிட்டு ஐடி பிரிவிடம் கேளுங்கள். மற்றவர்கள் தொடரலாம்.

1. கணினி தகுதியானதா?

மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காப்பு) வசதியுள்ள யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கி விண்டோஸை ஏற்றும் நவீன மென்பொருள்), ஆதரவுப் பட்டியலில் உள்ள பிராசசர் ஆகியவை குறைந்தபட்சத் தேவை. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை முதலும், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதலும் பட்டியலில் இருக்கும். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 ஓடும், ஆனால் அதில் யாரும் வேலை பார்க்க முடியாது. 8 ஜிபியாவது போட்டுக்கொள்ளுங்கள்.

"டிபிஎம் இல்லை" என்று வந்தால் உடனே புதுக் கணினி வாங்க ஓடாதீர்கள். பல மதர்போர்டுகளில் அது அணைந்த நிலையில் இருக்கும். பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் அந்தத் தொடக்க மென்பொருளின் பழைய, இன்றும் வழங்கும் பெயர்) அமைப்புகளில் இன்டெல்லுக்கு பிடிடி என்றும் ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்றும் பெயர். ஆனால் படி 2-ஐ முடிக்காமல் பயாஸ் பக்கம் போகவே கூடாது.

தகுதியில்லாத கணினியில் தேவைச் சோதனையைத் தாண்டி நிறுவும் குறுக்குவழிகள் ரூஃபஸ் போன்ற கருவிகளில் உண்டு. வீட்டில் சோதனைக்கு வைத்திருக்கும் கணினிக்கு அது சரி. வேலைக் கணினிக்கு வேண்டாம். அத்தகைய கணினிகளுக்குத் தொடர்ந்து அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. பாதுகாப்பு அப்டேட்டுக்காகத்தானே இந்த வேலையையே தொடங்குகிறோம்!

2. பிட்லாக்கர் சாவி

பிட்லாக்கர் என்பது டிஸ்கை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். "நான் பிட்லாக்கர் போடவே இல்லை" என்று நினைத்தாலும் சரி, பாருங்கள். நிறைய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் முதல்முறை உள்நுழைந்ததுமே டிவைஸ் என்க்ரிப்ஷன் (பிட்லாக்கரின் எளிய வடிவம்) தானாக இயங்கத் தொடங்கியிருக்கும். ஹோம் பதிப்பிலும் இது உண்டு.

டிஸ்கைத் திறக்கும் சாவி டிபிஎம்முக்குள் இருக்கிறது. பயாஸை அப்டேட் செய்தாலோ, டிபிஎம், செக்யூர் பூட் அமைப்பை மாற்றினாலோ, டிபிஎம் அதை "வேறு கணினி" என்று எடுத்துக்கொண்டு சாவியைத் தர மறுக்கும். அப்போது நீலத்திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் கோப்புகள் போனது போனதுதான். மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது.

எனவே:

- அந்த 48 இலக்கங்களையும் சாவியின் அடையாள எண்ணையும் எடுத்துத் தாளில் அச்சிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால், இன்னொரு கணினியிலோ போனிலோ உள்நுழைந்து உண்மையிலேயே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய அலுவலகக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கவும் வாய்ப்புண்டு.
- பயாஸில் கைவைக்கும் முன் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரை "சஸ்பெண்ட்" (தற்காலிக நிறுத்தம்) செய்யுங்கள் (ஹோம் பதிப்பில் இந்தத் தேர்வு இருக்காது; அங்கே செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷனை அணைத்துவிட்டு, முடிந்தபின் மறுபடி போடுங்கள்). அடுத்த ரீஸ்டார்ட்டில் பாதுகாப்பு தானாகத் திரும்பிவிடும். ஆகவே பயாஸில் இரண்டு தனித்தனி மாற்றங்கள் என்றால் இரண்டு முறை சஸ்பெண்ட் செய்ய வேண்டும். ஒரே தடவையில் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.
- ஏஎம்டி கணினியில் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு "எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யவா?" என்று கறுப்புத்திரை கேட்டால், அச்சிட்ட சாவி பக்கத்தில் இல்லாமல் "ஆம்" என்று அழுத்தாதீர்கள்.

3. இமேஜ் பேக்கப்

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஆகியவை ஒத்திசைவு சேவைகள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். நிறுவிய மென்பொருள்கள், உரிமங்கள், அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்புகள், கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறைகள் எல்லாம் அதில் இருக்காது. தேவைப்படுவது முழு டிஸ்கின் இமேஜ் (விண்டோஸ், செயலிகள், கோப்புகள் எல்லாம் சேர்ந்த நகல்), அதுவும் வெளி ஹார்டு டிஸ்கில்.

என் தேர்வு வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு. விண்டோஸுக்குள்ளிருந்தே ஓடுவதால் பிட்லாக்கர் போட்ட டிஸ்கையும் திறந்த நிலையில் படித்து, பயன்பாட்டில் உள்ள இடத்தை மட்டும் சேமிக்கும். அப்படி உருவாகும் பேக்கப்புக்குத் தனிக் கடவுச்சொல் போட மறக்காதீர்கள். ரெஸ்க்யூசில்லாவும் நல்ல கருவிதான். ஆனால் அது பெண்டிரைவிலிருந்து பூட் ஆவதால், பிட்லாக்கர் பூட்டிய டிஸ்கைப் படிக்க முடியாமல் முழு அளவையும் நகலெடுக்கும். 500 ஜிபி டிஸ்கில் 80 ஜிபி மட்டும் நிரம்பியிருந்தாலும் ஏறக்குறைய 500 ஜிபி இடம் கேட்கும். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் பழைய "விண்டோஸ் 7 பேக்கப்" கருவியைப் பரிந்துரைக்க மாட்டேன். மைக்ரோசாஃப்டே அதன் வளர்ச்சியைக் கைவிட்டுவிட்டது.

பேக்கப் எடுத்தபின் மீட்பு பெண்டிரைவை உருவாக்கி, அதிலிருந்து கணினியை ஒருமுறை பூட் செய்யுங்கள். கணினியின் டிஸ்க் தெரிகிறதா? வெளி ஹார்டு டிஸ்கில் உள்ள இமேஜ் தெரிகிறதா? இரண்டும் தெரிந்தால்தான் பேக்கப் முடிந்தது என்று பொருள். 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் விஎம்டி (எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) அமைப்பு இயங்குவதால், அதற்கான டிரைவர் இல்லாத மீட்பு பெண்டிரைவில் எஸ்எஸ்டி தெரியவே தெரியாது. பேக்கப் இருந்தும் எங்கே மீட்பது என்ற நிலை. லேப்டாப் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, அதே பெண்டிரைவில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. பழைய பயாஸ் முறையில் ஓடும் கணினி

சிஸ்டம் இன்ஃபர்மேஷன் செயலியில் "பயாஸ் மோட்" என்ற வரிக்கு நேராக யுஇஎஃப்ஐ என்றிருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்.

லெகசி என்றிருந்தால் டிஸ்க் எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் அட்டவணை) முறையில் உள்ளது. முதலில் டிஸ்கை ஜிபிடிக்கு (யுஇஎஃப்ஐக்கு வேண்டிய புதிய அட்டவணை முறை) மாற்ற வேண்டும், அதன்பிறகே பயாஸில் யுஇஎஃப்ஐக்கு மாற வேண்டும். தலைகீழாகச் செய்தால் பூட் ஆகாது. விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி தரவை அழிக்காமல் இதைச் செய்யும். முதலில் அதன் "வேலிடேட்" கட்டளை, அது பிழையில்லாமல் முடிந்தால் "கன்வர்ட்". விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்க "அலவ்ஃபுல்ஓஎஸ்" என்ற சொல்லையும் கட்டளையோடு சேர்க்க வேண்டும். டிஸ்கில் மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் கருவி மறுத்துவிடும். பிட்லாக்கர் இருந்தால் இந்தப் படிக்கு மட்டும் முழுதாக நீக்கிவிட்டு, முடிந்தபின் மறுபடி போடுவது தொல்லை குறைவு.

5. அப்கிரேட்

விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஐஎஸ்ஓ (விண்டோஸ் நிறுவல் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) கோப்புதான் பிடிக்கும். எப்போது தொடங்குவது என்பது நம் கையில் இருக்கும், தோற்றால் மறுபடி இறக்க வேண்டியதில்லை.

சி டிரைவில் குறைந்தது 30 ஜிபி காலியிடம் வையுங்கள். மூன்றாம் தரப்பு ஆன்டிவைரஸ், பழைய விபிஎன் இரண்டையும் நீக்குங்கள். கீபோர்டு, மவுஸ், திரை தவிர எல்லா யுஎஸ்பி சாதனங்களையும் கழற்றுங்கள். லேப்டாப் மின்சாரத்தில் இருக்கட்டும். பிறகு ஐஎஸ்ஓவை இரட்டைச் சொடுக்கி, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். பெண்டிரைவிலிருந்து பூட் செய்யாதீர்கள். அந்த வழியில் செயலிகளை வைத்துக்கொண்டு அப்கிரேட் செய்ய முடியாது.

"கோப்புகளையும் செயலிகளையும் வைத்திரு" என்ற தேர்வு மங்கலாக இருந்தால், ரத்து செய்துவிட்டு வெளியே வாருங்கள். பெரும்பாலும் மொழி பொருந்தாததே காரணம். அமெரிக்க ஆங்கிலமும் "இன்டர்நேஷனல்" என்ற பெயரில் வரும் பிரிட்டிஷ் ஆங்கிலமும் செட்டப்புக்கு வெவ்வேறு மொழிகள். முதலில் எது நிறுவப்பட்டது என்பதைத்தான் அது பார்க்கும், இப்போது திரையில் தெரியும் மொழியை அல்ல. தமிழ் முகப்பை வைத்திருப்பவர்களுக்கும் அடியில் இருப்பது ஆங்கிலமே. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளின் தரவுத்தளம்) லோக்கல் மெஷினின் கீழ் சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், என்எல்எஸ், லாங்குவேஜ் என்று போய் "இன்ஸ்டால்லாங்குவேஜ்" மதிப்பைப் பாருங்கள். 0409 என்றால் அமெரிக்க ஆங்கிலம், 0809 என்றால் பிரிட்டிஷ். அதற்கேற்ற ஐஎஸ்ஓவை இறக்குங்கள். எதையும் மாற்ற வேண்டாம், பார்த்தால் போதும். மொழி சரியாக இருந்தும் மங்கலாகவே இருந்தால், கணினியில் என்டர்பிரைஸ் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவான ஐஎஸ்ஓவில் அந்தப் பதிப்பு கிடையாது.

பாதியில் நின்றால் பிழை எண்ணின் கடைசி இலக்கங்களைப் பாருங்கள். 1900101 என்பது டிரைவர் சிக்கல். 1900208 பொருந்தாத செயலி. 80070070 இடப் பற்றாக்குறை. எண்ணை வைத்து ஊகிப்பதைவிட மைக்ரோசாஃப்டின் செட்டப்டயக் கருவியை ஓட்டுவது மேல். எந்த டிரைவர் என்பதைப் பல நேரம் பெயரோடு சொல்லிவிடும்.

6. முடிந்தபிறகு

பிரிண்டர், ஸ்கேனர், உரிம டோங்கிள், விபிஎன், கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும் முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் கிடைக்கும், பழைய விண்டோஸுக்குத் திரும்பும் "கோ பேக்" பட்டன் 10 நாட்களுக்கு மட்டுமே வேலை செய்யும். மாதக் கடைசியில் மட்டும் திறக்கும் மென்பொருள் ஏதாவது இருந்தால் அந்த 10 நாள் போதாது. டிஸ்ம் என்ற கட்டளைவரிக் கருவியின் "செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ" கட்டளையால் அதை 60 நாள்வரை நீட்டலாம். பட்டன் மறைவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அதுவரை டிஸ்க் கிளீனப்பில் "முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்" என்பதைத் தொடாதீர்கள். பின்வாங்கினால், இடைப்பட்ட நாட்களில் நிறுவிய செயலிகள் போய்விடும்.

பின்சேர்ப்பு: நெட்வொர்க் ஃபோல்டர் திறக்காவிட்டால்

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புரோவில் எஸ்எம்பி (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) கையொப்பம் கட்டாயம், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அணுகலும் மூடப்பட்டுவிட்டது. அதனால் நேற்றுவரை திறந்த பழைய நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி), இன்று பிழை காட்டும். இணையத்தில் பரவும் தீர்வு கணினிப் பக்கம் அந்தப் பாதுகாப்பை அணைப்பது. அதைச் செய்யாதீர்கள். நாஸின் மென்பொருளை அப்டேட் செய்து, அதில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உள்ள கணக்கை உருவாக்கி, எஸ்எம்பி 2 அல்லது 3-ஐயும் கையொப்பத்தையும் இயக்குங்கள். பிறகு கணினியின் கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்த நாஸுக்கான பழைய பதிவை நீக்கிவிட்டு, புதிய கணக்கால் உள்நுழையுங்கள்.